பட்டாள டாக்டர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் போய்

பிரிட்டனை எதிர்த்து 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்கச் சுதந்திரப் போரில் வேலை பார்த்த ஜேம்ஸ் தாச்சர் என்ற பட்டாள டாக்டரைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதித் தரும்படி ஒரு பதிப்பகம் கேட்டது. ஃபோனில்தான் கேட்டார்கள். மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக என் மாலை நேரங்களும் சனி ஞாயிறுகளும் அதிலேயே கரைந்தன. கையை விட்டுப் போன காசு சுமார் 2,300 டாலர், நம் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். புத்தகம் வரவில்லை. இந்த மாதிரி வேலையில் இறங்கும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களை இங்கே சொல்லி வைக்கிறேன்.

மதுரையில் பல வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். வீட்டுக்காரரின் வேலைக்காக மாசசூசெட்ஸ் வந்தபின் வேலை கிடையாது. பழைய மருத்துவம் பற்றி அவ்வப்போது பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துதான் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். “மேடம், மயக்க மருந்தே இல்லாத காலம், ரம்பம், ரத்தம், சுதந்திரப் போர். விறுவிறுன்னு ஒரு 200 பக்கம்” என்றார். முன்பணம் அடுத்த மாதம் வரும் என்றார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. எந்தப் பதிப்பகமானாலும் சரி, எவ்வளவு பாசமாகப் பேசினாலும் சரி, பக்க அளவு, தொகை, தவணை, யார் எந்தச் செலவை ஏற்பது, கைவிட்டால் என்ன தருவார்கள் என்பதெல்லாம் ஒரு மின்னஞ்சலிலாவது எழுத்தில் வந்தபிறகு முதல் புத்தகத்தை வாங்குங்கள். நான் தாச்சர் மேல் ஆசைப்பட்டுவிட்டேன். அவர்கள் பேச்சை விட அவர் ஆள் சுவாரசியமாக இருந்தார்.

தாச்சர் 1754இல் மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில், பார்ன்ஸ்டபிள் என்ற ஊரில் பிறந்தவர். மருத்துவக் கல்லூரி எதையும் அவர் மிதிக்கவில்லை. 16 வயதில் அதே ஊர் ஆப்னர் ஹெர்சி என்ற வைத்தியரிடம் சேர்ந்து ஐந்து வருடம் குருகுலவாசம். மருந்து இடிப்பது, குதிரைக்குச் சேணம் பூட்டுவது, நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது என்று எல்லாம் அதில் அடக்கம். குருநாதர் ஒரு மாதிரியான ஆள். குளிருக்குப் பயந்து ஏழு கன்றுக்குட்டித் தோலில் தைத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போவாராம். அன்றைய நிலையே அதுதான். 1775இல், பின்னால் அமெரிக்காவான பதின்மூன்று பிரிட்டிஷ் காலனிகளிலும் வைத்தியம் பார்த்தவர்கள் 3,500 பேர் இருக்கலாம், அவர்களில் பட்டம் பெற்றவர்கள் 400 பேரைத் தாண்டாது என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வசதியுள்ளவர்கள் மருத்துவம் படிக்க ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கப்பலேறினார்கள். மற்றவர்களுக்கு இந்தக் குருகுலம்தான். ஆகவே பழைய காகிதத்தில் ‘டாக்டர்’ என்று பார்த்தவுடன் எந்தக் கல்லூரி என்று தேடாதீர்கள். யாரிடம் பயின்றார் என்று தேடுங்கள், பாதி வாழ்க்கை அங்கேயே கிடைத்துவிடும்.

1775 ஜூலையில் 21 வயது தாச்சர் ராணுவ மருத்துவத் தேர்வுக்குப் போகிறார். 16 பேர் வந்திருக்கிறார்கள். உடற்கூறு, உடலியக்கம், அறுவை, மருந்து என்று நாலு மணி நேரம் வாய்மொழிக் கேள்விகள். ஆறு பேரைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தேர்வில் நடந்ததாகக் கேள்விப்பட்ட ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறார். பயத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாத நோய்க்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். வியர்க்க வைப்பேன் என்றிருக்கிறார். எப்படி வியர்க்க வைப்பாய் என்றதும், கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்த மருத்துவக் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன்” என்றாராம். நர்ஸிங் வைவாவில் நின்ற எவரும் இதைப் படித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது.

இந்தக் கதைகளெல்லாம் அவருடைய ராணுவ நாட்குறிப்பில் இருப்பவை. நான் முதலில் செலவழித்ததும் அதற்குத்தான். அது 1823இல் பாஸ்டனில் அச்சானது, காப்புரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த மாதிரிப் பழைய நூல்களை ஸ்கேன் செய்து, ஆர்டர் வந்ததும் அச்சடித்து விற்கும் கடைகள் ஏராளம். எனக்கு வந்த பிரதியில் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன, சிலவற்றில் ஸ்கேன் செய்தவரின் விரலே தெரிந்தது. 40 டாலர். அதே நூல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் முழுதாக, இலவசமாக, சொல்லைத் தேடிப் பார்க்கும் வசதியோடு இருக்கிறது. 1900க்கு முந்தைய அமெரிக்க நூல் எதையும் அங்கே தேடாமல் காசு கொடுத்து வாங்காதீர்கள். தேடும்போது அவர் பெயரை இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். அவர் எழுதியது நடுவில் டி இல்லாத தாச்சர். மார்கரெட் தாச்சர் நினைப்பில் டி சேர்த்து எழுதி வைத்த பட்டியல்கள் நிறைய.

நாட்குறிப்பு என்ற பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. போர் முடிந்தது 1783இல், நூல் வந்தது 40 வருடம் கழித்து. தான் நேரில் பார்த்தது, பிறர் சொன்னது, பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். நான் மூன்று நிற பென்சில் வைத்துக்கொண்டு பிரித்தேன். அவர் நின்ற இடம் ஒரு நிறம், கேட்டது ஒரு நிறம், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதது ஒரு நிறம். அலுப்பான வேலைதான், ஆனால் மொத்த உழைப்பில் உருப்படியாக எதையாவது செய்தேன் என்றால் அது இதுதான். அவர் வேலை பார்த்த இடங்களில் வாக்கியம் குட்டையாகி, மருந்துப் பெயர், மணிக்கணக்கு, ஆள்கணக்கு வருகிறது. தளபதிகளைப் பற்றி எழுதும்போது நடை மேடையேறிவிடுகிறது.

பெயர்க் குழப்பம் வேறு. பாஸ்டனுக்குப் பக்கத்து கேம்பிரிட்ஜ் ஊர் ஆஸ்பத்திரியில் தாச்சருக்கு மேலே இருந்தவர் ஜான் வாரன். பங்கர் ஹில் சண்டையில் 1775 ஜூன் 17 அன்று செத்துப்போன டாக்டர் ஜோசப் வாரன் இவருடைய அண்ணன். ஜான் வாரனின் மகன் ஜான் காலின்ஸ் வாரன்தான் 1846இல் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்துச் செய்த அந்தப் புகழ்பெற்ற பாஸ்டன் அறுவையைச் செய்தவர். மூவருமே டாக்டர்கள், பெரும்பாலான குறிப்புகளில் மூவருமே ‘டாக்டர் வாரன்’. பிலடெல்பியாவில் வில்லியம் ஷிப்பன் என்ற பெயரில் டாக்டர்கள் அப்பா ஒருவர், பிள்ளை ஒருவர். பெயர்கள் வரத் தொடங்கிய அன்றே பிறந்த வருடம், இறந்த வருடம், ஊர் மூன்றையும் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். தேதிகளிலும் ஒரு பள்ளம் உண்டு. பிரிட்டிஷ் காலனிகளில் 1752 வரை புது வருடம் மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அந்த வருடம் செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று தாண்டினார்கள். தாச்சருக்கு இது தேவையில்லை, அவர் குருவின் தலைமுறைக்குத் தேவை. பிப்ரவரியில் நடந்த ஒன்று இரண்டு நூலில் இரண்டு வருடம் காட்டினால் பதறாதீர்கள், பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும்.

பணம் அதிகமாகப் போனது கையெழுத்துக்குத்தான். அந்தக் காலத்துக் கிராமத்து வைத்தியர் எப்படிப் பிழைத்தார் என்று பார்க்க, ஒரு கணக்குப் புத்தகத்தின் நகலுக்கு ஆவணக் காப்பகம் ஒன்றில் எழுதிப் போட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், அதை நூலில் அச்சிட வேறு கட்டணம். படிப்பதற்குத் தரும் அனுமதி வேறு, அச்சிடத் தரும் அனுமதி வேறு, இதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். நேரில் போக முடிந்தால் போங்கள். முன்பதிவு, அடையாள அட்டை, பை வெளியே லாக்கரில், பேனா கூடாது, பென்சில் மட்டும். பல இடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் நம் ஃபோனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். இது தெரிய வருவதற்குள் நான் கட்டணம் கட்டியாகிவிட்டது.

கையெழுத்தைப் படித்துத் தர மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒருவரை இணையத்தில் பிடித்தேன். 600 டாலர். முதல் தவணை வந்தபோதே சந்தேகம். அக்காலத்தில் சொல்லின் நடுவில் வரும் நீண்ட எஸ்ஸை எஃப் என்று படித்து வைத்திருந்தார். அதைக்கூட நானே திருத்திக்கொள்ளலாம். மருந்து அளவில் அவர் செய்திருந்ததைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அபின் சாராயக் கரைசலை ஒரு வேளைக்கு ஒரு அவுன்ஸ் என்று எழுதியிருந்தார். அது கொடுத்தால் அன்று ராத்திரியே ஆள் போய்விடுவான், ஆனால் அதே நோயாளியின் பெயரில் அடுத்த வாரமும் கணக்கு ஓடுகிறது. மூலத்தை எடுத்துப் பார்த்தால், டிராமுக்குரிய குறி. பார்ப்பதற்கு 3 போல இருக்கும். அவுன்ஸ் குறியும் கிட்டத்தட்ட அதேதான், மேலே ஒரு சுழி கூடுதல். 20 கிரெய்ன் ஒரு ஸ்க்ரூபிள், 3 ஸ்க்ரூபிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஒரு சுழியில் எட்டு மடங்கு மாறிவிடும். மருத்துவக் காகிதத்தைப் படித்துத்தர ஆள் வைக்கும்போது, இந்தக் குறிகள் தெரியுமா என்று ஒரு பக்கத்தைக் கொடுத்து சோதித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். நான் கடைசியில் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து நானே படிக்கக் கற்றுக்கொண்டேன். கண் எரிந்தது. காசு கொடுத்த ஆள் ஃபோனையே எடுக்கவில்லை.

அந்தக் கணக்குப் புத்தகம் ஒரு வழியாகப் பிடிபட்டபோது, செலவெல்லாம் மறந்துபோனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படி ஒரு சந்தோஷம். பேதி மருந்துக்கு இவ்வளவு, பல் பிடுங்க இவ்வளவு, ரத்தம் வடிக்க இவ்வளவு என்று ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் வரவு: விறகு, தானியம், ஆப்பிள் சாராயம், ஒரு நாள் உழவு. ரொக்கம் அபூர்வம். கொஞ்ச நாளில் புரிந்தது, இப்படிப் பிழைத்தவர்கள்தான் சம்பளம் என்ற சொல்லை நம்பிப் பட்டாளத்துக்குப் போனார்கள். 1775 ஜூலை 27 அன்று, காலனிகளின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் போட்ட உத்தரவில் அறுவை மருத்துவருக்கு நாளுக்கு ஒன்றேகால் டாலருக்குச் சற்று மேலே, தாச்சரைப் போன்ற உதவியாளருக்கு அதில் பாதி, மாதம் 20 டாலர். பத்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், அவளுக்கு மாதம் 2 டாலர். இந்த வரியை நான் நாலைந்து முறை படித்தேன், ஏன் என்று நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் காகிதப் பணம் விழுந்தது. 1780இல் காங்கிரஸே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொண்டது. தியாகத்துக்குக் கூலியாக இந்தக் குப்பையையா தருகிறார்கள் என்று தாச்சர் கொதிக்கிறார். போருக்குப் பின் அதிகாரிகளுக்குத் தந்த பத்திரங்களையும் பலர் வந்த விலைக்கு வியாபாரிகளிடம் தள்ளிவிட்டார்கள்.

பதிப்பாசிரியருக்கு வேண்டியிருந்த ரத்தம் இல்லாமல் இல்லை. 1777 அக்டோபரில் சாரட்டோகா சண்டைக்குப் பின் ஆல்பனி நகரத்தில் ஆயிரம் பேர் காயத்தோடும் நோயோடும் கிடந்தார்கள். டச்சு தேவாலயம்கூட ஆஸ்பத்திரியானது. 30 டாக்டர்களும் உதவியாளர்களும் இருந்தார்கள். தாச்சர் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வெகுநேரம் வரை கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். எதிரிப் படையின் டாக்டர்கள் வெட்டுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கிறார், ஆங்கிலேயர்கள் கைதேர்ந்தவர்கள், அவர்கள் கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் படையின் டாக்டர்கள் பெரும்பாலும் தேறாது என்று மதிப்பெண் போடுகிறார். கிரெக் என்ற கேப்டன் அங்கே வருகிறார். பூர்வகுடி வீரர்கள் தலைத்தோலை முழுக்க உரித்திருக்கிறார்கள், கோடரி மண்டையோட்டில் இரண்டு இடத்தில் இறங்கியிருக்கிறது, முதுகில் வெட்டு, கையில் குண்டு. அவருடைய நாய் ஓடிப்போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களைக் குரைத்து, கெஞ்சி, இழுத்துக்கொண்டு வந்ததால் உயிர் தப்பினார். நெடுநாள் அவதிப்பட்டுப் பிழைத்தார். முடி முளைக்கவில்லையே தவிர தலைத்தோல் திரும்பக் கிடைத்ததில் அவருக்குத் திருப்தி என்று தாச்சர் எழுதுகிறார்.

ஆனால் எட்டு வருட நாட்குறிப்பில் இப்படிப்பட்ட பக்கங்கள் எவ்வளவு? ரொம்பக் குறைவு. மீதியெல்லாம் காய்ச்சல், பேதி, சிரங்கு, அம்மை, பட்டினி, பனி, இடம்பெயர்வு. போரில் செத்தவர்களை விட நோயில் செத்தவர்கள் அதிகம். 1777 பிப்ரவரி 6 அன்று படைத் தலைவர் வாஷிங்டன் பிள்ளை ஷிப்பனுக்கு எழுதிய கடிதத்தில், பெரியம்மை இயல்பாகப் பரவினால் எதிரியின் வாளை விட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று சொல்லி, படை முழுவதற்கும் அம்மைப்பால் குத்த உத்தரவிடுகிறார். (ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற அரசுத் தளத்தில் இந்தக் கடிதங்கள் இலவசம், அடிக்குறிப்புகளோடு.) ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசி வர இன்னும் இருபது வருடம் இருந்தது. ஆகவே இது அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து, நல்ல உடம்பில் கீறி ஏற்றும் முறை. குத்தியவர்களுக்குப் பேதி கொடுக்கப் பாதரச மருந்து வேண்டும், கையிருப்பில்லை. பட்டர்நட் என்ற வால்நட் இன மரத்தின் உள்பட்டையைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்தது என்று தாச்சர் சந்தோஷப்படுகிறார். எனக்குப் பிடித்த தாச்சர் இவர்தான், இல்லாததை வைத்துச் சமாளிப்பவர். 1777 ஜூலையில் டைகாண்டரோகா கோட்டையை நள்ளிரவில் காலி செய்து, நோயாளிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரியில் தப்பிப் போகும்போது, ஆஸ்பத்திரிச் சாமானில் நல்ல ஒயின் இருப்பதைக் கண்டு பாட்டில் கழுத்தை உடைத்துக் குடித்ததையும் மறைக்காமல் எழுதுபவர்.

படத்துக்காகப் பழைய அறுவைக் கருவிப் பெட்டி ஒன்று வேண்டும் என்று பதிப்பகம் நச்சரித்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் சுதந்திரப் போர்க் காலத்துப் பெட்டி என்று படம் அனுப்பினார், 250 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டார். நேரில் பார்த்தேன். கத்திகள் நேராக இருந்தன, கருங்காலிப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வரி. 18ஆம் நூற்றாண்டில் காலை எடுக்கும் கத்தி அரிவாள் போல் உள்ளே வளைந்திருக்கும், சதையைச் சுற்றி ஒரே வீச்சில் அறுக்க. இந்தப் பெட்டி ஏறத்தாழ நூறு வருடம் பிந்தியது, 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கைவேலை. முன்பணம் திரும்பாது என்றார். கத்தியிலோ பெட்டியிலோ செய்தவர் பெயரும் முகவரியும் பொறித்திருந்தால், அந்த நகரத்தின் பழைய விலாசப் புத்தகங்களில் பார்த்து, எந்த வருடம் கடை அங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தப் படத்தை முன்கூட்டியே கேளுங்கள், தரத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

ராணுவப் பதிவேடுகளைத் தேடுபவர்களுக்கு ஒன்று. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்து, ஆரம்பகாலக் காகிதங்கள் பெரும்பகுதி அழிந்துபோயின. கிடைப்பது பெரும்பாலும் பின்னாளைய ஓய்வூதிய மனுக்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு தொடங்கினால் அவற்றை இலவசமாகத் தேடலாம். தேடித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். மனு போட்டவர்கள் கிழவர்கள், பஞ்சத்தில் இருப்பவர்கள், நினைவும் தேவையும் கலந்து பேசுகிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

கையெழுத்துப் பிரதியை அனுப்பி இரண்டு மாதம் கழித்து ஃபோன் வந்தது. “நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இதுல சம்பளமும் சாறும்தான் இருக்கு. ரத்தமே இல்லையே” என்றார். யார்க்டவுனில் 1781இல் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிற்பாடு நம் பக்கம் வந்து திப்புவோடு சண்டை போட்டவர், அதை வைத்து ஒரு அத்தியாயம் நீட்டலாம் என்றேன். கால் எடுக்கும் காட்சிகள் நாலைந்து சேர்க்க முடியுமா என்று கேட்டார். தாச்சர் எழுதாத காட்சியை நான் எழுத முடியாது என்றேன். அதற்குப் பின் பதில் வரவில்லை. ஒரு வாரம் அழுதேன். வீட்டுக்காரர் கணக்குக் கேட்கவில்லை, அதுவே உறுத்தியது.

இப்போது ஆல்பிஜென்ஸ் வால்டோவைப் படிக்கிறேன். கனெக்டிகட் படைப்பிரிவின் டாக்டர், வாஷிங்டன் படையின் குளிர்கால முகாமான வேலி ஃபோர்ஜில் 1777 டிசம்பரில் எழுதிய குறிப்புகள் பென்சில்வேனியா வரலாற்று இதழில் 1897இல் அச்சாகி, இலவசமாகக் கிடைக்கின்றன. மோசமான சாப்பாடு, கடினமான படுக்கை, குளிர், அழுக்குத் துணி, பாதி நேரம் வாந்தி என்று முதல் வாரமே பொரிந்து தள்ளுகிறார். சின்னக் கட்டுரையாக எழுதித் தர ஒரு இதழ் கேட்டிருக்கிறது. எத்தனை பக்கம், எவ்வளவு, எப்போது என்று மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறேன். பதில் எழுத்தில் வந்தபின் ஆரம்பிப்பேன்.